பழத்தோலும் பழைய சோறும்

கோழி வாங்கி வந்த வீட்டில் சமையலறைக் குப்பைக்கூடை சீக்கிரம் காலியாகத் தொடங்கும். காய் நறுக்கிய தோல், தட்டில் மிஞ்சிய சோறு, கனிந்து கறுத்த வாழைப்பழம் எல்லாம் நேரே கோழிக்குப் போகும். கோழியும் ஓடி வந்து தின்னும். ஆசையாகத் தின்கிறதே என்று நாளுக்கு நாள் அளவு கூடும். சில மாதங்களில் முட்டை குறையும், ஓடு மெலியும், கோழி மட்டும் கொழுத்துக்கொண்டே போகும். தீவனத்தில் கலப்படம், குஞ்சு நல்ல வர்க்கம் இல்லை என்று வீட்டுக்காரர் காரணம் தேடுவார். பல வீடுகளில் காரணம் அந்தக் கூடைதான்.

மிச்சம் மீதியைக் கோழிக்குப் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போட வேண்டும் என்பதே என் கட்சி. எதை, எவ்வளவு, எந்த நேரத்தில் என்று முட்டையை மனதில் வைத்து யோசித்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

குப்பைமேடு செய்த வேலை

"எங்க அப்பத்தா பழைய சோத்தையும் நொய்யையும் போட்டுத்தானே கோழி வளத்துச்சு, அதெல்லாம் முட்டை போடலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

அப்பத்தா போட்டது சோறும் நொய்யும்தான். ஆனால் அந்தக் கோழி அதை மட்டும் தின்று வாழவில்லை. விடிந்ததும் குப்பைமேட்டில் ஏறிக் கிளறத் தொடங்கும். புழு, கரையான், வண்டு, மாட்டுச் சாணத்தில் செரிக்காமல் கிடந்த தானியம், வேலியோரப் பசும்புல், களத்தில் சிந்திய கம்பு என்று பகல் முழுவதும் பொறுக்கித் தின்னும். முட்டைக்கு வேண்டிய புரதம் அங்கே கிடைத்தது. மாலையில் முற்றத்தில் வீசிய ஒரு பிடி சோறு, கோழிகளைக் கூட்டுக்கு வரவழைக்க உதவியது. எதிர்பார்ப்பும் அப்போது குறைவு. சிறுவிடைக் கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். வருடத்துக்கு 60, 80 முட்டை வந்தாலே நல்ல கோழி என்பார்கள்.

இன்று நாம் வளர்க்கும் கோழியும் வேறு, இடமும் வேறு. பண்ணைகளில் உள்ள கலப்பின முட்டைக்கோழி வருடத்துக்கு 300 முட்டையைத் தாண்டுகிறது. கிராமப்பிரியா போன்ற புறக்கடை இனங்கள் அதற்கும் நாட்டுக்கோழிக்கும் இடையில் நிற்கின்றன. இப்படிப்பட்ட கோழியை மொட்டை மாடியிலோ வலை கட்டிய கொல்லையிலோ அடைத்து வைக்கிறோம். அங்கே கிளறுவதற்குக் குப்பைமேடு கிடையாது. நாம் போடுவதுதான் அதன் உலகம். நாள் முழுவதும் திறந்து மேயும் நாட்டுக்கோழிக்குக் கூடுதலாக ஒரு பிடி சோறு போட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. அடைத்து வளர்க்கும் முட்டைக்கோழிக்கு அதே பிடி கணக்கில் வரும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிது.

ஒரு கிண்ணம் சோற்றின் கணக்கு

முட்டையிடும் கோழி நாளுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம் இருக்கும். அதாவது நாளுக்குச் சுமார் 18 கிராம் புரதம் உள்ளே போகிறது. 55 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் 6 முதல் 7 கிராம் புரதம் வெளியே வருகிறது. அந்தத் தீவனத்தில் கோழிக்குக் கிடைக்கும் எரிசக்தி 280 கலோரியை ஒட்டி இருக்கும்.

இப்போது அதே கோழிக்கு 200 கிராம் சோறு, அதாவது ஒரு கிண்ணம், கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிசக்தி சுமார் 260 கலோரி. புரதம் வெறும் 5 கிராம். கோழியின் பசி முக்கியமாக எரிசக்தியை வைத்தே அடங்குகிறது. அன்றைக்கு வேண்டிய எரிசக்தி சோற்றிலேயே கிடைத்துவிட்டால் அது தீவனத் தொட்டியை எட்டிப் பார்க்காது. வயிறு நிறைந்திருக்கும், புரதத்தில் முக்கால் பங்கு வந்திருக்காது. முட்டைக்குப் போக முடியாத மாவுச்சத்து அடிவயிற்றில் கொழுப்பாகப் படியும். கோழி கொழுக்க முட்டை குறைவது இப்படித்தான்.

பழத்தில் கதை சற்று வேறு. தர்ப்பூசணியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர். பப்பாளியும் கிட்டத்தட்ட அப்படித்தான். புரதம் நூறு கிராமுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. அது கோழியைக் கொழுக்க வைக்காது. ஆனால் இரைப்பையில் இடத்தை அடைத்துக்கொள்ளும், எச்சத்தை நீர்க்க வைக்கும், கூட்டுத் தரை ஈரமாகும். ஈரத் தரையில் ஈ வரும், ரத்தக் கழிச்சல் வரும்.

சுண்ணாம்புச் சத்துக்கும் இதே நிலைதான். ஒரு முட்டையின் ஓடு 5, 6 கிராம் எடை இருக்கும். அதில் கால்சியம் மட்டும் 2 கிராம். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் மூன்றரை முதல் நான்கு சதவீதம் சேர்ப்பது இதற்காகத்தான். தின்றதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். சோற்றிலும் பழத்திலும் கால்சியம் ஏறக்குறைய இல்லை. தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து அந்த இடத்தில் சோறு போனால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். பிறகு தோல்முட்டை விழும், கால் தள்ளாடும்.

ஆகவே அளவு இதுதான்: ஒரு கோழிக்கு நாளைக்கு ஒரு கைப்பிடி. சோறு, இட்லி, ரொட்டி என்றால் சின்னக் கைப்பிடி, 20 கிராமுக்குள். தண்ணீர்ப் பழம், கீரை என்றால் தாராளமான கைப்பிடி, 40, 50 கிராம் வரை போகலாம். அஞ்சு கோழி உள்ள வீட்டில் மிச்சம் அதற்கு மேல் இருந்தால், மீதி உரக்குழிக்குப் போகட்டும். வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். உரக்குழிக்குப் போவது வீணாவதில்லை.

நேரமும் முக்கியம். காலையில் கோழி வெறும் வயிற்றோடு இறங்குகிறது. அப்போது தீவனம் மட்டுமே முன்னால் இருக்க வேண்டும். மிச்சத்தை மாலை மூன்று, நான்கு மணிக்குப் போடுங்கள். அரை மணி நேரத்தில் தின்று முடிக்காததை அள்ளிவிடுங்கள். இரவு கிடந்தால் எலியும் பெருச்சாளியும் வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். மண்ணில் வீசாமல் அகலமான தட்டில் வையுங்கள். தட்டு ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் எளிய கோழிக்கும் பங்கு கிடைக்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் இந்த நேரத்தை மாற்றலாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் கோழி வாயைத் திறந்து இறக்கையை அகட்டி மூச்சு வாங்கும். வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து ஓடு கட்டுவதும் பாதிக்கும். அந்த நாட்களில் தீவனத்தை விடிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். நண்பகலில் குளிர்ந்த தர்ப்பூசணித் துண்டு, வெள்ளரிக்காய், நீர்மோர் கொடுக்கலாம். தர்ப்பூசணியைத் தோலோடு பிளந்து சிவப்பு மேலே தெரியும்படி வைத்துப் பாருங்கள். முதலில் விதையைப் பொறுக்கும், பிறகு சதையைக் குடையும், சாயங்காலம் காகிதம்போல் பச்சைத் தோல் மட்டும் மிஞ்சும்.

எந்தப் பழம், எந்தக் காய்

வாழைப்பழம் நல்லது, தோலை அப்படியே போட்டால் தொடாது, பொடியாக நறுக்கினால் கொஞ்சம் தின்னும். பப்பாளியை விதையோடு போடலாம். கொய்யா, சப்போட்டா, அன்னாசியின் உள்தண்டு எல்லாம் சரி. மாம்பழக் காலத்தில் கொட்டையைச் சதையோடு போடுங்கள், கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துவிடும். ஆனால் மரத்தடியில் விழுந்து நுரைத்துப் புளித்த மாம்பழம் ஆகாது. புளித்த பழத்தில் சாராயம் இருக்கிறது, இரைப்பையும் புளித்துப்போகும். பண்ருட்டிப் பக்கம் பலாச் சக்கை வண்டி வண்டியாகக் கிடைக்கும். சக்கையில் நார் இருப்பதால் நறுக்காமல் போடாதீர்கள். பலாக்கொட்டையை வேகவைத்து நசுக்கித்தான் கொடுக்க வேண்டும். பச்சைக் கொட்டையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. எலுமிச்சை, சாத்துக்குடித் தோலைக் கோழி பெரும்பாலும் சீண்டாது, வற்புறுத்த வேண்டாம்.

சீத்தாப்பழத்தில் விதையை நீக்கிவிடுங்கள். பேன் கொல்ல அரைத்துப் பூசும் விதை அது. கொடைக்கானல் கீழ்மலையில் விளையும் வெண்ணெய்ப்பழம், பட்டர் ஃப்ரூட் என்று பழக்கடையில் விற்பது, கோழி இருக்கும் வீட்டில் கவனமாகக் கையாள வேண்டிய பழம். அதன் தோலிலும் கொட்டையிலும் இலையிலும் உள்ள பெர்சின் என்ற பொருள் பறவையின் இதயத்தைத் தாக்கும். பழத்தை நீங்கள் சாப்பிடுங்கள், கோழிப் பக்கம் எதுவும் போக வேண்டாம்.

காய்களில் பூசணியும் பரங்கியும் முதல் இடம். குடலோடு விதையோடு போடலாம். சுரைக்காய், வெள்ளரி, முட்டைக்கோஸின் வெளி இலை, பழுத்த தக்காளி எல்லாம் தின்னும். உருளைக்கிழங்குத் தோல் பச்சை நிறம் ஏறியிருந்தால் நஞ்சு, வேகவைத்தாலும் அது போகாது. முளைவிட்ட கிழங்கும் அப்படியே. முருங்கைக்காய்ச் சக்கையை நம் தட்டிலிருந்து எடுத்துப் போடும் வழக்கம் வேண்டாம், வெறும் நார். காலிபிளவர், கறிவேப்பிலை, திராட்சை மூன்றிலும் மருந்தடிப்பு அதிகம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள்.

சேலம், நாமக்கல், ஆத்தூர் பக்கத்து வாசகர்கள் மரவள்ளியைப் பற்றிக் கேட்பார்கள். ஜவ்வரிசி ஆலைப் பக்கம் தோல் இலவசமாகவே கிடைக்கும். பச்சைத் தோலிலும் இலையிலும் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது, கசப்பு ரகங்களில் இன்னும் அதிகம். பச்சையாக ஒருபோதும் வேண்டாம். தோல் சீவிய கிழங்கை வேகவைத்து, வெந்த தண்ணீரை வடித்துவிட்டுச் சோற்றுக்குப் பதிலாக அதே சின்னக் கைப்பிடி அளவில் கொடுக்கலாம்.

கீரையில் நான் முதலில் சொல்வது முருங்கை. காய்ந்த முருங்கை இலையில் கால் பங்குக்கு மேல் புரதம், கால்சியமும் உண்டு. தண்டுக்கீரை, பசலை போன்றவற்றில் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் தினமும் அதையே போட வேண்டாம். கீரையைத் தரையில் போட்டால் மிதித்து அசிங்கம் செய்யும். கட்டாகக் கட்டி, கோழி கழுத்தை நீட்டினால் எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள், இழுத்துக் கிழித்துத் தின்னும். அடைந்து கிடக்கும் கோழிகள் ஒன்றையொன்று கொத்துவதும் இதனால் குறையும்.

மஞ்சள் கரு நிறமாக வர வேண்டும் என்று பலர் காரட் தோலைத் தேடுவார்கள். கருவுக்கு நிறம் கொடுப்பது லூட்டின், ஜீயாசாந்தின் போன்ற நிறமிகள். அவை கீரை, மக்காச்சோளம், செண்டுமல்லி இதழ் இவற்றில் அதிகம். காரட்டின் பீட்டா கரோட்டினில் பெரும்பகுதியைக் கோழி கருவில் சேர்ப்பதில்லை. ஆயுத பூசை முடிந்ததும் வீட்டு வாசலில் வாடும் செண்டுமல்லியின் இதழை உதிர்த்துப் போடலாம், மருந்தடிக்காத பூ என்று தெரிந்தால் மட்டும். மாலையாகவே போட்டுவிடாதீர்கள். நூலும் வாழைநாரும் நாக்கில் சுற்றிக்கொள்ளும், இரைப்பையில் அடைத்துக்கொள்ளும்.

சமைத்தது

காரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மிளகாயின் காரம் பறவைக்கு உறைப்பதில்லை. நம் வாயில் எரிச்சலை உணர்த்தும் உணர்வி பறவையிடம் காரத்தை அறியாது. கவலைப்பட வேண்டியது உப்பை. தீவனத்தில் உப்பு அரை சதவீதத்துக்குள்தான் இருக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், சிப்ஸ் இவற்றின் மிச்சத்தைக் கோழிக்கு ஒரு துண்டும் போட வேண்டாம். குழம்பு கலந்த சோறு என்றால் ஒரு வடிகட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். உப்பு ஏறிய கோழி தண்ணீர் தண்ணீர் என்று அலையும், எச்சம் நீராகப் போகும், கால் இழுக்கும். குடிக்கத் தண்ணீரும் தீர்ந்துபோன நாளில் அது உயிருக்கே ஆபத்து.

மிஞ்சிய இட்லி, உளுந்து சேர்ந்திருப்பதால் சோற்றைவிட மேல். வெந்த பருப்பு, வெந்த பயறு, தேங்காய்ப் பால் பிழிந்த சக்கை நல்லவை. மொச்சை, ராஜ்மா, அவரை விதை எல்லாம் குழைய வெந்திருக்க வேண்டும். அரைவேக்காட்டில் நஞ்சு போகாது. ஃபில்டர் காபிச் சக்கை, டீத்தூள், சாக்லேட் மூன்றும் இதயத்தைப் படபடக்க வைக்கும் பொருள்கள் கொண்டவை, ரோஜாச் செடிக்குப் போகட்டும். வெங்காயம், பூண்டு சமையலில் கலந்த அளவு பரவாயில்லை. தோலும் தாளும் குவியலாகப் போட்டால் ரத்தம் குறையும், முட்டையிலும் வாடை ஏறும்.

பூசணம் பிடித்தது எதுவும் கூடாது. ரொட்டியில் பச்சையாகத் தெரிந்த பகுதியை மட்டும் பிய்த்தெறிந்துவிட்டு மீதியைப் போடுவது பழக்கமாகிவிட்டது. நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். நிலக்கடலை, புண்ணாக்கு, கொப்பரை, மக்காச்சோளம் இவற்றில் வரும் அஃப்ளாடாக்சின் கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும். நாமே சாப்பிட யோசிக்கும் நாற்றம் வந்துவிட்டால் கோழிக்கும் அது சாப்பாடில்லை.

மீன் தலை, குடல் வேகவைத்து வாரத்துக்கு ஓரிரு முறை கொஞ்சமாகக் கொடுக்கலாம். முட்டையில் கவிச்சி அடித்தால் நிறுத்துங்கள். கறிக்கடைக் கோழிக் கழிவு, வீட்டில் கோழிக்கறி வெட்டிய மிச்சம் இரண்டும் அறவே வேண்டாம். வெள்ளைக் கழிச்சல் கிருமி பச்சை இறைச்சியில் உயிரோடு வரும். கறி கழுவிய தண்ணீரைக் கொல்லையில் கொட்டுவதால்கூட நோய் வரும். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள்

போட்டது ஒத்துக்கொண்டதா என்று அறியக் கைதான் கருவி. இருட்டிய பிறகு கோழி கட்டையில் ஏறி அமைதியாக இருக்கும்போது கழுத்தின் அடியில், மார்பின் வலப்பக்கம் உள்ளங்கையை வையுங்கள். இரைப்பை உருண்டு நிறைந்து, அழுத்தினால் லேசாகக் குழியும்படி இருக்கும். மறுநாள் தீவனம் வைப்பதற்கு முன் அதே இடத்தில் தொட்டால் தட்டையாக, காலியாக இருக்க வேண்டும். விடியலிலும் கல் போல் இருந்தால் நார் அடைத்திருக்கிறது. தண்ணீர்ப் பைபோல் தளதளவென்று இருந்து வாயில் புளிச்ச நாற்றம் அடித்தால் இனிப்பும் மாவும் உள்ளே புளித்திருக்கிறது. இரண்டிலும் முதல் வேலை மிச்சத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. தலைகீழாகப் பிடித்து வாந்தியெடுக்க வைக்கும் கைவைத்தியம் வேண்டாம், நீர் மூச்சுக்குழலில் போய் நொடியில் உயிர் போகும்.

முட்டை ஓட்டையும் மிச்சத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து, வடிவம் தெரியாதபடி நொறுக்கினால் நல்ல கால்சியம். வடிவம் தெரிந்தால் கோழி தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகும். ஓடு மட்டும் போதாது, கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருங்கள். ஓடு கட்டும் வேலையில் பெரும்பகுதி இரவில் நடப்பதால், மாலையில் கிளிஞ்சல் தின்ற கோழிக்கு அது சரியான நேரத்தில் கிடைக்கிறது. வளரும் குஞ்சுகள் அந்தக் கிண்ணத்தை அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டையிடாத வயதில் அத்தனை கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

குப்பைமேட்டைத் திரும்பக் கொண்டுவருவது

கொல்லையில் நான்கடிச் சதுரம் ஒதுக்க முடிந்தால் மிச்சம் முழுவதையும் தட்டில் வைக்கத் தேவையில்லை. ஓரடி உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, காய்ந்த சருகு, வைக்கோல், கொஞ்சம் சாணம் போட்டு, காய்த்தோலையும் பழத்தோலையும் நடுவில் புதைத்து லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு வாரத்தில் புழுவும் பூச்சியும் தங்கும். அதன்பிறகு மாலையில் ஒரு மணி நேரம் கோழிகளை அதில் விடுங்கள். மிச்சத்தைப் பூச்சி தின்று, பூச்சியைக் கோழி தின்றால், சோறு தராத புரதம் முட்டைக்கு வந்து சேரும். சோறு, இறைச்சி, மீன் இந்த மேட்டில் போட வேண்டாம், எலியும் நாயும் வரும்.

கரையான் பானையும் பழைய நல்ல முறை. ஓட்டைப் பானையில் கிழிந்த சாக்கு, வைக்கோல், காய்ந்த சாணம் திணித்து, நனைத்து, வீட்டு மரச்சாமான்களுக்கு எட்டாத தூரத்தில் மாலையில் தரையில் கவிழ்த்து வைத்தால், காலையில் கரையான் ஏறியிருக்கும். அப்படியே எடுத்துக் கோழி முன்னால் கொட்டலாம்.

மழைக்காலத்தில் மேட்டின் மேல் தகரமோ தார்ப்பாயோ போட்டுவிடுங்கள். பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு ஈரம் இருந்தால் சருகு சேர்த்து உலர்த்துங்கள். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளை இதில் விடாதீர்கள். ரத்தக் கழிச்சல் முதலில் பிடிப்பது அவற்றைத்தான். கரையானைத் தனியாகத் தட்டில் உதிர்த்துக் கொடுத்தால் போதும்.